மூன்றாவது வட்டம்

பதினேழு மணி நேரம் ஆயிற்று.
பெட்டியை அதிக நேரம் திறந்தால் சூடு போய்விடும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறேன்
முப்பிடாதியின் நான்கு முட்டைகளை.
பாளையங்கோட்டையில் காலை ஆறரை,
கீழே பால் வண்டி ஒலியெழுப்பிப் போகிறது.
லென்ஸுக்கடியில் உப்புப் பரலில் பாதிகூட இல்லாத
நான்கு உருண்டைகள்.

ஒன்று பழுக்கவே இல்லை.
இன்னொன்று யாரையும் உள்ளே விடவில்லை,
சுற்றிலும் வாலடித்து ஓய்ந்து கிடக்கிறார்கள்
கடைசி பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி.
மூன்றாவதில் இரண்டு வட்டங்கள், அருகருகே,
அவளுடையது ஒன்று, சுடலைமுத்துவுடையது ஒன்று,
இன்னும் கலக்கவில்லை.
நான்காவதில் மூன்று.

குவியத்தை மேலே திருகினேன், கீழே திருகினேன்.
மூன்றுதான்.
கதவு சாத்துவதற்குள் இன்னொருவன் நுழைந்திருக்கிறான்.

இடிந்தகரைப் பாறையிடுக்கில் கடல் முள்ளெலி
முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும்.
ஊரார் விந்தெல்லாம் மிதக்கிற பொதுக்கடலில்
தன் இனத்துச் சாவிக்கு மட்டும் திறந்து
ஒருவன் தொட்ட நொடியில் அடைத்துக்கொள்ளும்.
எம்.எஸ்ஸி. படிக்கையில் அதைப் பார்க்கத்தான்
ஒரு வாளி நிறையத் தூக்கி வந்தோம்,
கண்டக்டர் இரண்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.
கூந்தன்குளத்து நாரைக்கு அந்த அவசரம் கிடையாது.
பறவை முட்டைக்குள் பலர் நுழைந்தால்தான் கரு விழிக்கும்,
பிறகு ஒருவனை வைத்துக்கொண்டு
மற்றவர்களை உள்ளேயே கரைத்துவிடும்.
எங்கள் கணக்கில் இரண்டென்றால் பிள்ளை.
மூன்றென்றால் பதிவேட்டில் ஒரு கோடு.

போட்டேன்.

பத்து மணிக்குக் களக்காட்டுக்குப் போன் செய்தேன்.
"ஒண்ணு நல்லா வந்திருக்கு.
இன்னொண்ணுல மூணு வட்டம்."
"மூணுன்னா கூடத்தான இருக்கு, நல்லதுதானக்கா?"
"இல்லம்மா, ஆளுக்கு ஒரு பங்குதான் வேணும்.
கூடிட்டா சரியா வளராது."
அந்தப் பக்கம் லாரியில் தார் ஏற்றுகிறார்கள்,
நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு
என்று யாரோ எண்ணுகிறார்கள்.
"தூரப் போட்டுட்டியளா?"
"ஆமா" என்றேன்.
இன்னும் போடவில்லை.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
அவள் வாய்க்கால் கரையில் நிற்கிற ஏத்தன் அத்தனையும் மூன்று.
பதினொன்று பதினொன்றாய் மூன்று அடுக்கு,
இரண்டாய்ப் பிரிக்க வராத பங்கு.
பூ விரியும், தேன் ஊறும், வவ்வால் வந்து போகும்,
மகரந்தம் வெறுந்தூள்.
விதை இருந்திருக்க வேண்டிய இடத்தில்
பழத்துக்குள் கறுப்பாய்ச் சில புள்ளிகள்.
அதைத்தான் கல்யாண வாசலில் குலையோடு கட்டுகிறோம்,
அதைச் சொல்லித்தான் அட்சதை போடுகிறோம்,
வாழையடி வாழையாக.

தகப்பன் இல்லை, சேர்க்கை இல்லை,
வெட்டிய அடியிலிருந்து கன்று, கன்றடியில் கன்று,
நூறு ஏக்கர் நிற்கிறது ஒரே உடம்பு.
ஒரு வாடல் வந்தால் மொத்தமும் ஒன்றாய்ச் சாயும்.
அது எனக்குப் புத்தகத்தில் தெரியும்.
முப்பிடாதிக்கு
போன வருஷத்துக் கடனில் தெரியும்.

மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு
மறுபடி குனிகிறேன்.
மூன்றாவது உருண்டையில் வட்டங்கள் மறைந்துவிட்டன.
இரண்டும் கரைந்து கலந்து
நடுவில் ஒரு சுருக்கம் விழத் தொடங்குகிறது.

தள்ளி வைத்திருந்த கிண்ணத்தையும்
ஏனோ இழுத்துப் பார்த்தேன்.

அதிலும் மறைந்துவிட்டன.
அதுவும் பிளக்கத்தான் பார்க்கிறது.
கோடு போட்டாயிற்று என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.